தூள் பக்கெட்டில் இருக்கிற அம்மா நானில்லை

ரவி ராசா,

நான் எங்கேயும் தொலைந்து போகவில்லை. ஜிந்துப்பிட்டியில், பாக்கியம் சித்தி வீட்டில் இருக்கிறேன். காலையிலிருந்து உன் போன் வந்துகொண்டே இருக்கிறது. சித்தி எடுத்து "இங்கதான் இருக்கா, சாப்பிட்டுட்டா" என்று உனக்குச் சொன்னதையும் கேட்டேன். எனக்குப் பேச வாய் வரவில்லை. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ அதை வேகமாக ஓடவிட்டுத்தான் கேட்பாய், என் குரல் கோழி கத்துகிற மாதிரி ஓடி முடியும், கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாய். அதனால்தான் அதிலேயே எழுதி அனுப்புகிறேன். ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாய் என்று சித்தி சுற்றிச் சுற்றிக் கேட்கிறாள். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். இதைத் தர்ஷினியிடம் கொடுத்து "அம்மா என்னவாம், சுருக்கமாச் சொல்லு" என்று கேட்காமல், நீயே உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வியாபாரம் தொடங்கியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேலை செய்த கம்பனியை மூடி உங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு நீ இருந்த இருப்பைப் பார்த்தவள் நான். முகம் வழிக்காமல், குளிக்காமல், பின்பக்க ஜன்னலில் நின்று கரையோர ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நிற்பாய். கட்டிய பெண்டாட்டி தர்ஷினி கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்போது அவள்தான் சொன்னாள், "மாமி, உங்கட தூளைப் போட்டுக் கறி வைச்சால் எங்கட அம்மாவே இது என்ன தூள் எண்டு கேக்கிறா. இதையே செய்து வித்தால் என்ன?" அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவள் தாயின் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது என்றால் எனக்குப் பெருமை இருக்காதா? அந்தத் தூள் ஒரு ஊருக்குச் சொந்தமானதில்லை, ரவி. நான் பிறந்த தோட்டத்தில் செய்து பழகியது. தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு சந்துக்குள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். அந்தக் குழாயடியில் நின்றுதான் கராம்பும் ஏலமும் எவ்வளவு என்று அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவிடம் கேட்டேன். ரம்பை இலையைக் காயவிட்டுக் கறுக்க வறுப்பதை எதிர்வீட்டுச் சிங்கள அக்காவிடம் கேட்டேன். மல்லி வறுக்கிற பதம் மட்டும் என் அம்மாவுடையது.

ஆனால் தூள் நன்றாக இருந்தால் சனம் தானாக வந்துவிடும் என்று நினைத்தோமே, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். உன் பெயரில் பாதியும் தர்ஷினி பெயரில் பாதியும் ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தாய்; அதை எனக்கு இன்னும் ஒழுங்காகச் சொல்ல வராது. காலி வீதி நெடுக இருக்கிற கடைகளில் பையோடு ஏறி இறங்கினாய். "வைச்சிட்டுப் போங்கோ தம்பி, பாப்பம்" என்பார்கள். மறுவாரம் போனால் பொட்டலம் கட்டிய நம் பக்கெட் எல்லாம் சோடாப் போத்தல்களுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கும். தொடர்மாடிகளில் ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் சின்னச் சின்ன சாம்பிள் பக்கெட் தள்ளிவிட்டு வந்தாய். ஒரு இடத்தில் காவல்காரர் "மல்லி, மெஹே தான்ன பே" என்று, இங்கே போட முடியாதென்று சிங்களத்தில் கத்திக்கொண்டு துரத்த, நீ பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியால் ஓடி வந்த கதையைச் சொல்லிச் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம். பேஸ்புக்கில் போட்டாய். லைக் போட்டவர்கள் எல்லாம் நம் சொந்தக்காரர்கள். வாங்கியவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. நீ மறுபடியும் ஜன்னலடியில் போய் நின்றாய்.

ஆள் பிடிக்கிற வித்தை எனக்குத் தெரியாதது இல்லை. உன்னைப் படிக்க வைத்ததே அந்த வித்தைதான். புறக்கோட்டைப் புடவைக்கடையில், கால் வீங்க வீங்க நின்று பேசியே விற்றவள் நான். வாசலில் நிற்கிற பெண்ணின் கண் எந்தச் சேலையில் தட்டுப்பட்டு நிற்கிறது என்று பார்த்து, அவள் உள்ளே வருவதற்குள் அதை எடுத்து விரித்துவிடுவேன். "பார்க்கக் காசில்ல, உள்ளுக்கு வாங்க" என்பேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாமத்தியச் சடங்கு, யாருக்குப் பச்சை ஆகாது என்பதெல்லாம் எனக்குத் தலைக்குள்ளேயே இருக்கும். முதல் தடவை ஒருத்தியை உள்ளே கூட்டிவருவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. போனவள் அடுத்த தீபாவளிக்கும் என்னைத் தேடி வர வேண்டும், அதுதான் வியாபாரம். ஆனாலும் உண்மை பேசினால் கடை கொழிக்கும் என்று உனக்குக் கதை விட மாட்டேன். ஒரு பெண்ணிடம் "இது சாயம் போகும், வேணாம்" என்று சொன்னேன். முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துத் திட்டினார். அந்தப் பெண் பக்கத்துக் கடையில் அதே சாயம் போகிற சேலையை வாங்கிக்கொண்டு போனாள், திரும்பி என் பக்கம் வரவேயில்லை. இப்படியும் நடக்கும்.

அதனால்தான் உன் சிநேகிதன், அந்த டிசைன் பண்ணுகிற பிள்ளை, "அம்மாட முகத்தைப் போடுங்க மச்சான், அள்ளிக்கிட்டுப் போகும்" என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. எனக்கே கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. சம்பந்தியம்மாவின் நூல் சேலையைக் கட்டிவிட்டீர்கள். நெற்றி நிறையத் திருநீறு. எங்கிருந்தோ ஒரு உரலும் உலக்கையும் இரவல் வாங்கி வந்தீர்கள். என் சீவியத்தில் நான் உலக்கை பிடித்ததில்லை. சந்தி மில்லில் வரிசையில் நின்று அரைத்துக்கொண்டு வந்தவள் நான். "அம்மா, இடிக்கிற மாதிரி சிரிங்க" என்றாய். இடிக்கிறவள் எதற்கடா சிரிக்கப் போகிறாள் என்று கேட்டேன். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்தது. பக்கெட் அச்சாகி வந்தபோதுதான் பெயரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அம்மா தூள்.

"ஏன்டா, நான் யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். அதுவும் உன் கல்யாணத்துக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். "அது பிராண்ட் அம்மா. நம்ம வெள்ளவத்தையில முழுக்க யாழ்ப்பாணத்துச் சனம், அதத்தான் தேடுது" என்றாய். நீ சொன்னதும் பொய்யில்லை. அந்த வாரமே தட்டின் பின்னால் கிடந்த பக்கெட் முன்னால் வந்தது. கடைக்காரர்களே போன் எடுத்துக் கேட்டார்கள். லண்டனுக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போக வாங்கினார்கள். நீ முகம் வழித்தாய், சட்டை மாற்றினாய், தர்ஷினியைப் பகிடி பண்ணினாய். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டேன், ரவி. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை மேசை வந்தது. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், உன் சிநேகிதனின் கடை வாசலில் ஒரு மேசை, அதன் மேல் பக்கெட்டுகள், பக்கத்தில் கதிரையில் நான். பக்கெட்டில் இருக்கிற அம்மாவே நேரில் உட்கார்ந்திருந்தால் சனம் நம்பும் என்றாய். முதல் நாள் வந்த முதல் பெண்ணிடம், பழக்க தோஷத்தில், "வாங்க வாங்க, மணத்திப் பாருங்க, மணத்துறதுக்குக் காசில்ல" என்று தொடங்கினேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நீ சட்டென்று இடையில் வந்து, "ஓம் அக்கா, சொல்லுங்கோ, என்ன வேணும்" என்று கதையை எடுத்துக்கொண்டாய். அவள் போன பிறகு என் காதுக்குள் வந்து சொன்னாய்: "அம்மா, நீங்க கதைக்க வேணாம். சும்மா சிரிச்சிட்டு இருங்க. நான் கதைக்கிறேன்." பேசியே பிள்ளை வளர்த்தவளிடம் வாயை மூடு என்றாய். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெள்ளவத்தையில் சிரித்தால் மட்டும் விடுவார்களா? யாழ்ப்பாணத்து ஆள் யாழ்ப்பாணத்து ஆளைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி ஒன்று இருக்கிறது. "அம்மா ஊரில எவடம்?" ஊரைச் சொன்னால் கிழக்கோ மேற்கோ என்று வரும், பிறகு எந்தக் கோயிலடி, ஆருடைய மகள், ஆரைக் கட்டினது என்று வரும். பாவம் தர்ஷினி, எனக்குக் கஷ்டம் வரக் கூடாது என்றுதான், "மாமி, கேட்டால் கொக்குவில் எண்டு சொல்லுங்கோ. எங்கட ஊர்தானே, உங்களுக்கும் ஊர்தானே" என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொக்குவில் என்று சொன்னேன். ஒரு சொல்தானே என்று சொன்னேன். அப்படித்தான் செல்வராணி அக்கா வந்து சேர்ந்தாள்.

அவள் யாரென்று உனக்கு "சனிக்கிழமை வாற அன்ரி" என்கிற அளவுக்குத்தான் தெரியும். ரிட்டயரான கணக்கு டீச்சர், புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில், இரண்டாவது ஒழுங்கைத் தொடர்மாடியில் தனியாக இருக்கிறாள். கொக்குவில் என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததே, நீ கவனித்தாயா? சனிக்கிழமை தவறாமல் வருவாள். ஒரு பக்கெட் வாங்குவாள், ஒரு ஆள் எவ்வளவு தூள்தான் சாப்பிட முடியும்? தூளுக்காக அவள் வரவில்லை. ஒருநாள் நீ உள்ளே போயிருந்த நேரம் என் பக்கத்தில் குந்தி, "தங்கச்சி, எங்கட வீட்டில இப்ப சுவர் மட்டும்தான் நிக்குது. போய்ப் பாத்திட்டு வந்தனான். சமைச்ச குசினி இருந்த இடத்தில ஆரோ மாடு கட்டியிருக்கினம்" என்றாள். பிறகு, "உங்கட வீடு?" என்று கேட்டாள். நான் "அதுவும் போயிட்டுது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்த அழுகை பொய்யில்லை. எனக்கும் ஒரு வீடு எரிந்தது. கலவரத்தில் என் அப்பாவின் தையல் மெஷின் சந்து வாசலில் கிடந்து எரிந்ததை, எதிர்வீட்டுச் சிங்கள அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தவள் நான். பாக்கியம் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பா அதற்குப் பிறகு ஊசி பிடிக்கவே இல்லை. இதை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் எனக்காக அழுதிருப்பாள். ஆனால் சொல்ல முடியாது, பக்கெட்டில் வேறு ஊர் போட்டிருக்கிறது. அதனால் அவள் கொக்குவிலில் இல்லாத ஒரு வீட்டுக்காக அழுதாள். அவளுடைய துக்கத்தில் பாதியைத் திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு. அன்றே உன்னிடம் சொன்னேன், "ரவி, இது சரியில்லடா, பேரை மாத்து" என்று. "சீசன் முடியட்டும்மா" என்றாய்.

அவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்த சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கண் கிளினிக்குக்காக ஊரிலிருந்து வந்த மனுஷன், பிறந்ததிலிருந்து கொக்குவிலை விட்டு அசையாதவர். "அண்ணை, இவதான் நான் சொன்ன தங்கச்சி. உங்களுக்குத் தெரியாமல் இராது" என்று எவ்வளவு சந்தோஷமாகக் கூட்டிவந்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்து, "கொக்குவிலில எவடம் பிள்ளை? ஆற்றை மகள் நீர்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றிச் சனம் நின்றது. நான் பக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அப்போது நீ என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னாய்: "ஐயா, அம்மாவுக்கு இப்ப ஞாபகம் குறைஞ்சு போச்சு. பழைய கதை கேட்டால் குழம்பிப் போடுவா."

உடனே ஏன் மறுக்கவில்லை என்று நீ கேட்கலாம். உன் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்ததடா. எந்தத் தாய் அந்த நேரத்தில் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பாள்? நான் பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு, கேட்டதற்கும் கேளாததற்கும் தலையை ஆட்டினேன். நடித்தேன். செல்வராணி அக்கா "ஐயோ, எனக்குத் தெரியாமல் போச்சே" என்று என் கன்னத்தைத் தடவினாள். வழக்கத்தைவிட ஒரு பக்கெட் கூடுதலாக வாங்கினாள். அந்தச் சாயங்காலம் நீ எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாய். "சூப்பரா சமாளிச்சீங்கம்மா. பிரச்சினை ஒரேயடியா முடிஞ்சுது. இனி ஒருத்தரும் ஊர் கேக்க மாட்டாங்க" என்றாய். நான் அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டேன், அதுதான் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

விளம்பரம் விளம்பரம் என்று நீ எத்தனை பாடுபட்டாய்! உன் தூளைவிட என் மறதி வேகமாகப் பரவியது. லிப்டில் மேல்மாடிப் பெண் "மாமி, வீடு தெரியுமோ? கூட்டிக்கொண்டு போய் விடட்டோ?" என்கிறாள். மரக்கறிக் கடைக்காரர் மிச்சத்தை என் உள்ளங்கையில் வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி எண்ணிக் காட்டுகிறார். எல்லாரும் என்னிடம் உரத்து, நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறார்கள். ஒரு சாமான் வைத்த இடம் எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடாவிட்டால் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவேளை உண்மைதானோ என்று. வீட்டுக்குள் நீயும் மாறிவிட்டாய், அது உனக்குத் தெரியாது. அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் ஒரு நாளும் கேட்காதவன், இப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறாய்.

அதனால்தான் இன்று காலை, அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு செல்வராணி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "தங்கச்சி! தனியாவோ வந்தனீங்கள்?" என்று பதறிப்போய் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் நேராகவே சொன்னேன். "அக்கா, நான் கொக்குவில் இல்ல. நான் ஜிந்துப்பிட்டி. பிறந்தது வளந்தது எல்லாம் அங்கதான். எனக்கு மறதி இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குப் பொய் சொல்லிட்டோம்." அவள் என் கையைத் தடவிக்கொண்டே, "ஓம், ஓம், அப்பிடியே இருக்கட்டும். யோசியாதேங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள். அப்பாவின் தையல் மெஷினைச் சொன்னேன். உரலும் உலக்கையும் இரவல் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்ணில் இரக்கம்தான் கூடியது. அட்டையை எடுத்து நீட்டி, பிறந்த இடத்தைப் பாருங்க அக்கா என்றேன். அவள் அதை வாசிக்கவே இல்லை. என் கைப்பைக்குள் திருப்பி வைத்து ஜிப்பை இழுத்து மூடி, "துலைச்சுப் போடுவீங்கள் தங்கச்சி, கவனம்" என்றாள்.

பிறகு உனக்குப் போன் எடுத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள். அது உனக்குத் தெரிந்திருக்காது. "தம்பி, அம்மா இஞ்ச வந்து நிக்கிறா. தான் ஜிந்துப்பிட்டி எண்டு சொல்லுறா. பாவமாக் கிடக்கு" என்றாள். நீ வாய் திறக்கிற வரைக்கும் நான் உன்னை நம்பிக்கொண்டிருந்தேன், ரவி. இப்ப சொல்லிவிடுவான், என் பிள்ளை இப்ப சொல்லிவிடுவான் என்று. "ஓம் அன்ரி… சில நேரம் அப்பிடித்தான் கதைப்பா. பாத்துக்கொள்ளுங்கோ, வாறன்" என்றாய்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவள் பிஸ்கட் எடுக்க உள்ளே போன நேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, காலி வீதியில் புறக்கோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து நடந்தே இங்கே வந்தேன். வழி முழுக்க ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எந்தச் சந்தில் எந்தக் கடை மாறியிருக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்கு நானே. கோயிலடியில் பூ விற்கிறவள் என்னைக் கண்டதும், "அட, தையல்காரர் மக! எங்க இருந்து வர்ற?" என்று கூப்பிட்டாள். ஊர் கேட்காமல் என்னை யாரென்று சொன்ன அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை, பூ வாங்கினேன்.

உன் வியாபாரத்தைக் கெடுக்க நான் வரவில்லை. ஆள் சேர்க்கிறபோது எதையெல்லாமோ கூட்டிச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, அது எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ கறுப்புப் பெண்ணிடம் இந்தச் சேலை உங்களுக்குத்தான் நெய்தது என்று சொல்லியிருக்கிறேன். சரக்கைக் கூட்டிச் சொல்லு. தாயை இல்லாமல் பண்ணாதே. பக்கெட்டில் ஜிந்துப்பிட்டி என்று போட்டால் வெள்ளவத்தையில் வாங்குவார்களா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. வாங்காமலும் போகலாம். பிடித்த ஆட்களில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகலாம். அப்போது நீ மறுபடியும் ஜன்னலடியில் போய் நிற்பாயோ என்கிற பயம் எனக்கும் இருக்கிறது; நேற்று வரைக்கும் அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். விற்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நானும் உன்னோடு கடை கடையாக ஏறி இறங்குகிறேன். கொட்டாஞ்சேனையில் ஏறுவோம், கிருலப்பனையில் ஏறுவோம். ஆனால் நான் வாயைத் திறந்துதான் விற்பேன். என் முகம் வேண்டுமென்றால் என் வாயும் சேர்ந்துதான் வரும். வேண்டாமென்றால் படத்தை எடுத்துவிடு, யாழ்ப்பாணம் என்றே போட்டுக்கொள், அது உன் இஷ்டம்.

ஒன்றே ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது. சனிக்கிழமை நான் வருவேன், அந்தக் கதிரையில் உட்காருவேன். செல்வராணி அக்கா வருவாள். அவள் என் கன்னத்தைத் தடவுவதற்கு முன்னால் நீ அவளிடம் சொல்ல வேண்டும்: அன்ரி, அம்மாவுக்கு ஒரு மறதி வருத்தமும் இல்லை, பொய் சொன்னது நான். அவள் திட்டட்டும், பக்கெட்டைத் தூக்கி எறியட்டும், நானும் சேர்ந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். இதை நானே சொல்லிக்கொள்ள முடியும் என்றால் உன்னைக் கெஞ்ச மாட்டேன். சொல்லிப் பார்த்துவிட்டேன். என் வாயில் வந்தால் அதை நோய் என்கிறார்கள். நீ சொன்னால்தான் இனி நான் நானாக முடியும்.

மொட்டை மாடியில் மல்லி காயவைத்திருக்கிறேன், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், நீலப் படங்கு விரிப்பில். ரம்பை தனியாக, ஓரத்தில் மூடிக் கிடக்கிறது. இங்கே வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, அங்கேயும் இருட்டும். ஓடிப்போய் அள்ளிவிடு. பார்த்தாயா, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அம்மா